குழந்தையையும் கூட்டிட்டு வாங்க!

1961-ம் வருடம், பிப்ரவரி 19. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் சென்னைக்கு வந்திருக்கிறார். ராணியைப் பார்க்க ஊரே தெருவில் நிற்கிறது. கிண்டி ராஜ்பவனில் ஒரு பிறந்தநாள் கேக் தயாராக இருக்கிறது.

யாருக்குப் பிறந்தநாள்? ராணிக்கு இல்லை. அவருடைய இரண்டாவது மகன் ஆண்ட்ரூவுக்கு. அன்றைக்குத்தான் அவனுக்கு ஒரு வயது நிறைகிறது. கேக் இருக்கிறது. அம்மா இருக்கிறார். அப்பா பிலிப்பும் இருக்கிறார். முதலமைச்சர் காமராஜர் தலைமையில் தமிழக அரசே உபசரிக்கக் காத்திருக்கிறது. பிறந்தநாள் குழந்தைதான் இல்லை! அது எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இங்கிலாந்தில், ஆயா மடியில் இருக்கிறது.

நம் ஊரில் முதல் பிறந்தநாள் என்றால் லேசுப்பட்ட சமாசாரமா? மொட்டை, காதுகுத்து, தாய்மாமன் மடி, மண்டபம், சாப்பாடு என்று அமர்க்களப்படும். அழுதாலும் சிரித்தாலும் குழந்தைதான் அன்றைக்குக் கதாநாயகன். கதாநாயகன் இல்லாமல் கேக் மட்டும் இருந்ததைப் பார்த்து ராஜ்பவன் சமையல்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! 'பெத்தவளுக்கு மனசு எப்படி வந்துச்சு?' என்று யாராவது ஒருவராவது முணுமுணுத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கேக் ஞாபகம் இப்போது வரக் காரணம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. அங்கே ஒரு இளம் தம்பதி. நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக எட்டே எட்டு நாள் லண்டன் போகவேண்டும். ஒன்றரை வயதுப் பையனைக் கூட்டிப் போவதா, விட்டுவிட்டுப் போவதா? மூன்று நாளாகப் பஞ்சாயத்து. 'பச்சப்புள்ளைய ஏரோப்ளேன்ல பத்து மணி நேரம் உட்கார வைக்க முடியுமா? எங்கிட்ட விட்டுட்டுப் போங்க' என்கிறார் அம்மாவின் அம்மா. 'எட்டு நாள் அம்மாவப் பார்க்காம அது ஏங்கிடும், கூட்டிட்டே போங்க' என்கிறார் அப்பாவின் அம்மா. கடைசியில் என்னிடம் வந்து, 'சார், நீங்கதான் சரித்திரம் எல்லாம் எழுதறீங்களே, நீங்க சொல்லுங்க' என்றார்கள். சரித்திரத்துக்கும் ஒன்றரை வயதுப் பையனுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால்... சம்பந்தம் இருக்கிறது! இதே பஞ்சாயத்து இங்கிலாந்து அரண்மனையில் எண்பது வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. மூன்று தலைமுறைக்குப் பிறகுதான் தீர்ப்பு மாறியது.

*

1901, மார்ச் 16. போர்ட்ஸ்மவுத் துறைமுகம். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அழுகை எல்லாம் பெரும்பாலும் இங்கேதான்.) 'ஓஃபிர்' என்கிற பயணிகள் கப்பலை வாடகைக்குப் பிடித்து, பளபளவென்று அரச குடும்பத்துக்கு ஏற்றபடி மாற்றி நிறுத்தியிருந்தார்கள். பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகப் போகிறவரும் அவர் மனைவி மேரியும் அதில் ஏறினார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்த ஆறு காலனிகளும் ஒன்றாகச் சேர்ந்து புது நாடு உருவாகியிருந்தது. மெல்பர்னில் மே 9-ம் தேதி முதல் நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க வேண்டும். ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் என்று போய், திரும்பும்போது கனடா வரை ஒரு சுற்று. கரைக்குத் திரும்பியது நவம்பர் 1-ம் தேதி. ஏழரை மாதம்!

வீட்டில் நாலு குழந்தைகள். மூத்தவன் எட்வர்டுக்கு ஆறு வயது. அடுத்தவன் ஆல்பர்ட்டுக்கு ஐந்து. பெண் குழந்தை மேரிக்கு நாலு நிறையவில்லை. கடைக்குட்டி ஹென்றிக்குப் பதினொன்றரை மாதம். அப்பா அம்மா கப்பலேறி சரியாகப் பதினைந்தாவது நாள் அவனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. வந்து, போனது.

குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது யார்? தாத்தா பாட்டி! தாத்தா என்றால் அப்போதுதான் அரியணை ஏறியிருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர், பாட்டி அலெக்சாண்ட்ரா மகாராணி. மன்னராக இருந்தால் என்ன, தாத்தா தாத்தாதானே? பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியை இருந்தார். பாவம், சாப்பாட்டு மேஜையில் கொட்டமடிக்கும் பேரப்பிள்ளைகளைப் படிக்கக் கூப்பிட வந்து நிற்பார். 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே' என்று தாத்தா கை காட்டிவிடுவார். அப்புறம் ஒரு முறை சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்கு இரண்டு வாரம் போனபோது, ஆசிரியையை லண்டனிலேயே கழற்றிவிட்டுவிட்டார்கள். இந்தக் கூத்தையெல்லாம் மூத்த பேரன் பெரியவனான பிறகு தன் சுயசரிதையில் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். பிள்ளைகள் படிப்பு கெட்டுப்போகிறதே என்று தூர தேசத்திலிருந்து அம்மாவின் புகார்க் கடிதம் வந்ததாம். மாமியாரிடம் பிள்ளையை விட்டுப் போன எந்த மருமகளுக்கும் இந்தக் கடிதம் புரியும்.

ஆக, குழந்தைகள் ஏங்கிப் போய்விட்டார்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஜாலியாகத்தான் இருந்திருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போவதைத் தவிர அன்றைக்கு வேறு வழியும் இல்லை. பால் புளிக்கும். வெயில் கொளுத்தும். ஒரு குழந்தைக்கு அம்மை வந்தால் கப்பல் முழுக்கப் பரவும். நடுக்கடலில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அடுத்த துறைமுகம் எத்தனை நாளில் வருமோ. சென்னையில் இருக்கிற பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டங்களில் சும்மா ஒரு நடை நடந்து பாருங்கள். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று மாதம் என்று வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள். வெயில் நாட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோவது என்றால் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் மனதில் முதலில் வந்து நின்ற படம் அதுதான்.

அதனால்தான் இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் இதையே தலைகீழாகச் செய்தார்கள். பெற்றோர் இங்கே, பிள்ளைகள் அங்கே. ஐந்து, ஆறு வயதானால் சீமைக்கு ஏற்றுமதி! பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங்கின் கதை பிரசித்தம். 1871-ல், ஆறு வயது நிறையும் முன்பே, மூன்று வயதுத் தங்கையோடு சேர்த்து அவரை ஒரு முன்பின் தெரியாத குடும்பத்தில் கட்டணத்துக்கு விட்டுவிட்டுப் பெற்றோர் பம்பாய் திரும்பிவிட்டார்கள். 'போயிட்டு வர்றோம்'னு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகள் அழும் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். அம்மா திரும்பி வந்தது 1877-ல். அந்த வீட்டில் பட்ட அடியையும் அவமானத்தையும் கிப்ளிங் சாகும்வரை மறக்கவில்லை. அந்த வீடு எங்கே இருந்தது தெரியுமா? போர்ட்ஸ்மவுத்தின் சவுத்ஸீ பகுதியில். ஓஃபிர் புறப்பட்ட அதே ஊர்.

தாத்தா பாட்டியிடம் விடுவதும் தெரியாதவர்களிடம் விடுவதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு மேலே போவோம்.

*

1901-ல் தாத்தாவிடம் விடப்பட்ட நாலு பேரில் இரண்டாவது பையன் ஆல்பர்ட் வளர்ந்தான். கல்யாணம் ஆனது. 1926 ஏப்ரல் 21-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எலிசபெத். ஆமாம், பிற்கால ராணியேதான்.

குழந்தைக்கு எட்டரை மாதம் ஆனபோது ஆல்பர்ட்டுக்கும் அதே கட்டளை வந்தது. ஆஸ்திரேலியாவில் இந்த முறை தலைநகரே புதிது. கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறக்க வேண்டும். தேதிகூட அதே மே 9! 1927 ஜனவரி 6-ம் தேதி, போர்ட்ஸ்மவுத்திலிருந்து 'ரினௌன்' என்கிற போர்க்கப்பலில் கணவனும் மனைவியும் புறப்பட்டார்கள். (ஆல்பர்ட்டுக்குத் திக்குவாய். ஆயிரம் பேர் முன்னால் பேச வேண்டுமே என்று சில மாதம் முன்புதான் லயனல் லோக் என்கிற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். இந்தக் கதையைத்தான் 2010-ல் சினிமாவாக எடுத்து ஆஸ்கர் வாங்கினார்கள். அது தனிக் கதை.)

புறப்படுகிற அன்று குழந்தை அப்பாவின் சீருடைப் பொத்தான்களைப் பிடித்து இழுத்து விளையாடியிருக்கிறது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தாங்கவில்லை, உடைந்துபோய்விட்டார். ரயில் நிலையத்தில் கூட்டம் காத்திருக்கிறது, அழுத முகத்தோடு போய் இறங்க முடியுமா? கண் சிவப்பு அடங்கும் வரை காரை அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அரச கடமை அப்படி!

குழந்தை ஒரு பக்கத்துத் தாத்தா வீட்டில் கொஞ்ச நாள், இன்னொரு பக்கத்துத் தாத்தாவின் அரண்மனையில் கொஞ்ச நாள் என்று வளர்ந்தது. அரண்மனைத் தாத்தா வேறு யாருமில்லை, ஓஃபிர் கப்பலில் போன அதே ஐந்தாம் ஜார்ஜ்! பெற்ற பிள்ளைகளிடம் விறைப்பாக இருந்த மனிதர், பேத்தியிடம் உருகிவிட்டார். பதினோரு மாதத்தில் நாலு பல் முளைத்துவிட்டது, நல்ல முன்னேற்றம் என்று மகனுக்குப் பொறுப்பாகக் கடிதம் எழுதினார். உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து ஆல்பர்ட் தன் மகளின் பல்லை எண்ணிக்கொண்டது இப்படித்தான். தபாலில்!

ஏப்ரல் 21 வந்தது. முதல் பிறந்தநாள். அப்பா அம்மா ஆஸ்திரேலியாவில்.

ஜூன் 27-ம் தேதி பெற்றோர் திரும்பினார்கள். போன இடமெல்லாம் ஜனங்கள் குழந்தைக்கென்று கொடுத்தனுப்பிய பொம்மைகளே மூன்று டன் தேறின என்று பத்திரிகைகள் எழுதின. அம்மா வருவதற்குள் 'மம்மி' என்று சொல்ல ஆயா பழக்கி வைத்திருந்தார். குழந்தையும் சமர்த்தாகச் சொல்லியது. எல்லோரையும் பார்த்து! சுவரில் மாட்டியிருந்த ஓவியங்களைக்கூட மம்மி என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. அந்த அம்மாவின் இடத்தில் நின்று கேட்டால் சிரிப்பு வரவில்லை.

*

இனி எலிசபெத்தின் முறை. 1952 ஜனவரி 31. தந்தை உடம்பு சரியில்லாமல் இருந்ததால் அவருக்குப் பதிலாக எலிசபெத்தும் பிலிப்பும் கென்யாவுக்கு விமானம் ஏறினார்கள். மூன்று வயது சார்லஸும் ஒரு வயது ஆனும் தாத்தா பாட்டியிடம். அதே ஏற்பாடு. ஆறே நாளில் தாத்தா தூக்கத்திலேயே இறந்துபோனார். இளவரசியாகப் போனவர் ராணியாகத் திரும்பினார்.

பாதியில் நின்றுபோன அந்தப் பயணத்தை 1953 நவம்பரில் மறுபடி தொடங்கினார்கள். பெர்முடா, ஜமைக்கா, ஃபிஜி, டோங்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இலங்கை, உகாண்டா... ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. சார்லஸுக்கு ஐந்தாவது பிறந்தநாள் கொண்டாடிய பத்தாவது நாளுக்குள் கிளம்பியாயிற்று. அந்த வருட கிறிஸ்துமஸுக்கு ராணி நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் இருந்தார். வழக்கமான வானொலி உரையை அங்கிருந்தே நிகழ்த்தினார். கிறிஸ்துமஸ் நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் இருக்கும், என் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன் என்கிற ரீதியில் பேச்சினூடே ஒரு வரி. பாதி உலகமே கேட்கும் உரையில், இரண்டு பேருக்காக மட்டும் வைத்த வரி அது.

இத்தனை மாதத்தில் பிள்ளைகளுக்குத் தங்கள் முகம் மறந்துபோயிருக்குமோ என்று கவலை வந்துவிட்டது. அதனால் ஒரு புது ஏற்பாடு. 'பிரிட்டானியா' என்கிற புத்தம்புது அரச கப்பலின் முதல் பயணத்திலேயே குழந்தைகளை ஏற்றி அனுப்பினார்கள். 1954 ஏப்ரல் 14, எங்கிருந்து? போர்ட்ஸ்மவுத்தேதான்! மால்டாவில் சில நாள் தங்கிவிட்டு, மே 1-ம் தேதி லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தில் பெற்றோரைச் சந்திக்க வேண்டும்.

ராணி கப்பலில் ஏறுகிறார். வரவேற்க அதிகாரிகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஐந்து வயது சார்லஸும் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டானாம். 'நீ இல்லைடா கண்ணு' என்று சொல்லிவிட்டு, முதலில் பெரியவர்களுக்குக் கை கொடுத்தாராம் அம்மா. வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகிற கதை இது. ஆறு மாதம் கழித்துப் பார்த்த பிள்ளையைத் தூக்கி உச்சிமோந்து கொஞ்சுகிற காட்சி செய்திப்படங்களில் இல்லை. கை குலுக்கினார்கள்.

சரி, இப்போது ராஜ்பவன் கேக்குக்குத் திரும்புவோம். 1901-க்குக் கப்பல் காரணம். 1927-க்கும் கப்பல் காரணம். 1961-க்கு? ராணி லண்டனிலிருந்து டெல்லிக்கு விமானத்தில்தான் வந்தார். ஒரு நாள் பயணம். பாலைப் பத்திரப்படுத்தக் குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. போலியோவுக்கும் கக்குவானுக்கும் தடுப்பூசி வந்துவிட்டது. போயிங் 707 ஜெட் விமானங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பறந்துகொண்டிருந்தன. தொட்டில் மாட்ட விமானத்தில் இடமிருந்த காலம். அப்புறம் ஏன் குழந்தையை விட்டுவிட்டு வந்தார்?

என்னைக் கேட்டால், காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான். தனக்கு முதல் பிறந்தநாள் அப்பா அம்மா இல்லாமல் நடந்தது. தன் சித்தப்பா ஹென்றிக்கும் அப்படித்தான் நடந்தது. அதனால் ஆண்ட்ரூவுக்கு அப்படி நடப்பதும் அந்த வீட்டில் யாருக்கும் உறுத்தவில்லை. ராணிக்குப் பாசம் இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. ஆக்லாந்து உரையின் அந்த ஒரு வரி போதும் எனக்கு. கூட்டிக்கொண்டு போகலாம் என்கிற யோசனையே அங்கே யாருக்கும் வரவில்லை. எந்தக் குடும்பத்திலும் சில வழக்கங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. ஏன் என்று கேட்க வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும்.

*

அந்த வெளியாள் வந்தார். பெயர் மால்கம் ஃபிரேசர். ஆஸ்திரேலியப் பிரதமர்.

1983 மார்ச்சில் சார்லஸும் டயானாவும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணம் போவதாக ஏற்பாடு. மூத்த மகன் வில்லியம் 1982 ஜூன் 21-ல் பிறந்தவன். அதாவது ஒன்பது மாதக் கைக்குழந்தை. பாட்டி எலிசபெத்தை விட்டுவிட்டு 1927-ல் கொள்ளுத் தாத்தா கிளம்பியபோது அவருக்கும் கிட்டத்தட்ட இதே வயது!

இதைப் பற்றி ஊர் உலகம் நம்பிய கதை வேறு. டயானா பிடிவாதம் பிடித்தார், மாமியாரோடு சண்டை போட்டார், மரபை உடைத்தெறிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மாமியார் மருமகள் சண்டை என்றால் விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் டயானாவே பிற்பாடு ஒரு ஒலிநாடாவில் பேசி வைத்திருப்பது வேறு மாதிரி இருக்கிறது. அவர் 1997-ல் இறந்த பிறகு அச்சில் முழுசாக வெளிவந்த பேச்சு. சண்டையே நடக்கவில்லை என்கிறார். ராணியிடம் கேட்கவும் இல்லை. தான் குழந்தையை விட்டுவிட்டுப் போகத்தான் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன், கஷ்டம்தான், ஆனால் கடமை என்று நினைத்தேன் என்கிறார். அந்த நேரத்தில், யாரும் கேட்காமலே, ஃபிரேசரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சின்ன வயசுக் குடும்பமாக இருக்கிறீர்களே, குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாமே!

அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற ஒவ்வொருவரும் வாசற்படியில் நின்று சொல்கிற அதே வார்த்தை. 'குழந்தையையும் கூட்டிட்டு வாங்க.' மூன்று தலைமுறைப் பழக்கத்தை உடைக்க அது போதுமானதாக இருந்தது.

இதில் ஒரு சோகமான வேடிக்கை. அழைத்த ஃபிரேசரால் வரவேற்க முடியவில்லை. மார்ச் 5-ல் தேர்தல் வந்து, அவர் தோற்று, பாப் ஹாக் பிரதமராகிவிட்டார். மார்ச் 20-ம் தேதி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விமானம் இறங்கியபோது குழந்தை மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

அதற்கப்புறம் அவர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஊர் ஊராகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அல்பரி நகருக்குப் பக்கத்தில், வூமர்கமா என்று ஓர் ஆட்டுப்பண்ணை வீடு. குழந்தையையும் ஆயாவையும் அங்கே குடியமர்த்திவிட்டார்கள். அதே தொட்டில், அதே நேரத்துக்குப் பால், அதே நேரத்துக்குத் தூக்கம். அப்பா அம்மா மட்டும் விமானத்தில் சிட்னி, அடிலெய்ட் என்று பறப்பார்கள். இடையிடையே பண்ணைக்கு ஓடி வந்துவிடுவார்கள். குழந்தைக்குப் பயணம் என்பது போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நடுவில் எல்லாம் வீடு!

அடுத்து நியூசிலாந்து. ஏப்ரல் 23. ஆக்லாந்து அரசு மாளிகையின் புல்வெளியில் ஒரு விரிப்பு. அதில் வில்லியம் தவழ்ந்து போய், 'பஸ்ஸி பீ' என்கிற மரத்தேனீ பொம்மையைப் பிடித்தான். நியூசிலாந்துக் குழந்தைகள் எல்லோர் கையிலும் புரளும் பொம்மை அது. உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. முப்பது வருடத்துக்கு முன்னால், அந்தக் குழந்தையின் பாட்டி வானொலியில் தன் பிள்ளைகளை நினைத்துப் பேசிய அதே ஆக்லாந்து நகரம். அப்போது இங்கிலாந்தில் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்து வயது சார்லஸ், இப்போது விரிப்பில் மகன் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார்.

*

அதற்கப்புறம் இது சாதாரணமாகிவிட்டது. 2014 ஏப்ரலில் வில்லியமும் கேத்தரினும் எட்டு மாத ஜார்ஜைத் தூக்கிக்கொண்டு அதே நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மூன்று வாரம் போனார்கள். வூமர்கமா பாடத்தை மறக்காமல், வெலிங்டனில் ஒரு வீடு, கான்பெராவில் ஒரு வீடு என்று முகாம் போட்டுக்கொண்டார்கள். அரியணை வாரிசுகள் இரண்டு பேர் ஒரே விமானத்தில் போகக்கூடாது என்று எழுதாத மரபு ஒன்று உண்டு. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் ராஜா வீட்டுக் கதை, தனி விமானம், தனி ஆயா, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நம் வீட்டு ஆயா என்பவர் பாட்டிதான், அவருக்கு விசா எடுக்க வேண்டும். இரண்டு வயது வரை மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் விலை குறைவு என்பார்கள். மடியில் உட்கார மாட்டேன் என்று ஒன்றரை வயதுக்காரர் முடிவெடுத்துவிட்டால் அந்தக் குறைந்த விலைக்கு என்ன பாடு படவேண்டும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நாட்டையே ஆள்கிற தாய்க்கும் பாடுதான். நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் 2018 செப்டம்பரில் நௌரு தீவில் ஒரு மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தைக்குப் பதினோரு வாரம். அந்தப் பயணத்துக்குத் தேவையான தடுப்பூசிகளைப் போடும் வயது ஆகவில்லை, கூட்டிப் போக முடியாது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை, விட்டுவிட்டு மூன்று நாள் தங்கவும் முடியாது. தனி விமானத்தில் ஒரே நாளில் போய்த் திரும்பினார். அரசுப் பணம் வீண் என்று கிளம்பினார்கள் ஒரு கூட்டம். அதே மாதக் கடைசியில் நியூயார்க் ஐ.நா. சபைக்குக் குழந்தையோடும் கணவராகப் போகிறவரோடும் போனார். சபையில் அவர் பேசும்போது குழந்தை அப்பா மடியில்! உலகமே கைதட்டியது. ஒரே அம்மா, ஒரே குழந்தை, ஒரே மாதம். விட்டுவிட்டுப் போனால் ஒரு பேச்சு, கூட்டிப் போனால் ஒரு பேச்சு.

இரண்டாவது மாடிக்காரர்களிடம் மறுநாள் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். இரண்டு பாட்டிகளும் உட்கார்ந்து கேட்டார்கள். தாத்தா பாட்டியிடம் வளர்ந்த எந்தக் குழந்தையும் குறைந்துபோய்விடவில்லை என்று அம்மாவின் அம்மாவுக்கு ஒரு வெற்றி. பல் முளைத்ததைத் தபாலில் படித்த அப்பாவின் கதையில் அப்பாவின் அம்மாவுக்கு ஒரு வெற்றி. நடுவில் அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். 'கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட, ஊர் ஊரா சுத்த வேணாம், ஒரே வீட்ல தங்கிக்கறோம்னு சொல்லிடலாமா அங்கிள்?' வூமர்கமா அவளுக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட் எடுத்துவிட்டார்கள். பையனுக்கும் சேர்த்து.

அவர்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு காட்சி மிச்சமிருக்கிறது. 2016 செப்டம்பர் 24. கனடாவின் விக்டோரியா விமான நிலையம். இந்த முறையும் எட்டே நாள் பயணம்தான். ஜார்ஜுக்கு மூன்று வயது, தங்கை சார்லட்டுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. லண்டனிலிருந்து நெடுந்தூரம் பறந்து வந்து இறங்கியிருக்கிறார்கள். தங்கை அம்மா இடுப்பில். அண்ணன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வரவேற்க வந்த பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ குனிந்து மண்டியிட்டு, உள்ளங்கையை உயர்த்தி, 'தட்டு' என்கிறார். ஜார்ஜ் தட்டவில்லை. கையைத் தாழ்த்திக் காட்டுகிறார். அதற்கும் இல்லை. சரி, கையாவது குலுக்கலாம் என்று நீட்டுகிறார்.

ஜார்ஜ் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, அப்பா கையை விடாமல் நின்றுகொண்டான்.